மூன்று மாத ஸ்கேனை வைத்து ஊசியை நிறுத்த வேண்டாம்

எலும்புப்புரைக்கான (எலும்பு பலமிழந்து எளிதில் முறியும் நோய்) டெரிபாராடைடு ஊசி போட்டு மூன்று மாதம் ஆகியும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் எண் ஏறவில்லை, அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று கோத்தகிரி அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். குன்னூர், ஊட்டிப் பக்கமும் பலர் இதைப் பகிர்கிறார்கள்.

அக்கா, அந்த முடிவுக்கு மூன்று மாதம் போதாது. டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். எலும்பின் அடர்த்தி மெதுவாகத்தான் கூடும். அடுத்த ஸ்கேனை வழக்கமாக ஓரிரு ஆண்டு கழித்து எடுக்கச் சொல்வது அதனால்தான். முதுகெலும்பில் முதலில் தெரியும். இடுப்பில் ஆரம்பத்தில் சற்றுக் குறையக்கூடச் செய்யலாம், முன்பு இதே நோய்க்கு அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பாக.

இதை நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே மெஷினில் எடுத்தவையா என்று பாருங்கள். கோவையில் ஒரு இடம், அப்புறம் வேறொரு இடம் என்றால் எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. ஒரே மெஷின்தான் என்றால், டி-ஸ்கோரை (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுத் தரும் எண்) விட்டுவிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எண்ணைப் பாருங்கள். எவ்வளவு மாறினால் உண்மையான மாற்றம் என்று ஸ்கேன் சென்டரில் கேளுங்கள். அதற்குக் குறைவான வித்தியாசம் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம்.

சீக்கிரம் தெரிய வேண்டுமானால், புது எலும்பு உருவாவதைக் காட்டும் பி1என்பி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஊசிக்கு முன் இருந்ததைவிட லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடியிருந்தால், மருந்துக்கு எலும்பு பதில் கொடுக்கிறது என்று அர்த்தம்.