காட்டுக்குள்ள சிக்னல் கேட்டா நான் பயந்தாங்கொள்ளியா?

போன ஞாயிறு நம்ம மலையேற்ற குரூப் காட்டுக்குள்ள போனப்போ நடந்தது குரூப்ல எல்லாருக்கும் தெரியும், முழுசா திரும்ப விவரிக்கலை. கூட வந்த ஒரு தம்பிக்குக் கணுக்கால் உடைஞ்சப்போ காலை பத்தரை. சிக்னல் கிடைச்சப்போ மத்தியானம் மூணு. நடுவுல ரெண்டு பசங்க பாறை பாறையா ஏறி, போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டிட்டு நின்னாங்க.

அப்புறம் குரூப்ல நான் எழுதினது ஒரே வரி: "அடிவாரத்துலயாவது ஒரு டவர் வேணும்." அதுக்கு நம்ம சீனியர் போட்ட பதில்தான் இப்போ ஸ்கிரீன்ஷாட்டா ஊர் சுத்துது. "காட்டுக்குப் போறதே போனை மறக்கத்தான். பயமா இருந்தா அக்கா வேளச்சேரி மால்ல நடக்கட்டும்." கீழே வரிசையா சிரிப்பு பொம்மை. அதுல பாதிப் பேர் என் டப்பாவுலேருந்து புளிசாதம் சாப்பிட்டவங்க.

சரி, சிரிச்சு முடிச்சாச்சா? மறுபடி சொல்றேன், சிக்னல் வேணும்.

மௌனத்தோட அழகு பத்திப் பாடம் எடுக்குறவங்களுக்கு ஒண்ணு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கா? அடையாறு வீட்டுக்குள்ள வந்துச்சு, கரண்ட் இல்லை, போன் செத்துப்போச்சு. அப்போ யாராவது மொட்டை மாடியில உட்கார்ந்து "ஆஹா, என்ன அமைதி"ன்னு ரசிச்சீங்களா? முடிச்சூர்ல இருக்குற தங்கச்சி உயிரோட இருக்காளான்னு தெரியாம ஃபேஸ்புக்ல கண்ணீர் விட்டவங்கதானே நாமெல்லாம்?

எங்க அப்பா ஒரு ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போனார். அடிவாரத்துல, தாணிப்பாறையில ஏறுறதுக்கு முன்னாடி பேசினதுதான் கடைசி. அப்புறம் அந்தப் பொண்ணு குரல்தான்: "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்." தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை. அம்மா ஸ்பீக்கர்ல போட்டுட்டு, அது முடிஞ்சதும் மறுபடி அடிப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போனைக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னாடி வச்சாங்க. விபூதித் தட்டுக்குப் பக்கத்துல, சார்ஜர் ஒயரோட. அப்பா வழுக்கி விழுந்து முட்டி பிசகி, மேலே ஒரு பாறை ஒதுக்குல மழையில உட்கார்ந்திருந்திருக்கார். மறுநாள் சுமை தூக்குற ரெண்டு பேர் வேட்டியில தூளி கட்டி இறக்கினாங்க. பத்தொன்பது மணி நேரம். அந்தக் குரலை இப்போ கேட்டாலும் எனக்கு வயித்தைப் புரட்டும். இதுக்குப் பேர் பயம்னா, ஆமா சார், பயம்தான்.

"டவர் வச்சா காடு அழியும்"னு சிலர் நியாயமாவே கேட்டாங்க. நடுக்காட்டுல வைக்கச் சொல்லலை. டவர்னா ரோடு, கரண்ட், டீசல் ஜெனரேட்டர்னு கூடவே வரும், தெரியும். செக்போஸ்ட்கிட்ட வைங்க. மலை மடிப்புக்குள்ள அலை எட்டாதுதான், ஆனா மேட்டுல ஏறினா கிடைக்குமே? நாலரை மணி நேரம் ஒரு மணி நேரமா ஆகியிருக்காதா? அதுவும் முடியலைன்னா, வனத்துறைக்காரங்க கையில இருக்குற மாதிரி ஒரு வயர்லெஸ் செட் வழிகாட்டிகிட்ட கொடுங்க.

"112 அடிக்க வேண்டியதுதானே?" அவசர நம்பர், எந்தக் கம்பெனி டவரானாலும் அது பிடிச்சுக்கும், வாஸ்தவம். ஆனா ஏதாவது ஒரு டவர் இருக்கணுமே ராசா! இல்லாத டவரைத் தேடித் தேடியே அந்தத் தம்பி போன்ல சார்ஜ் போச்சு.

"சாட்டிலைட் போன் வாங்கிக்கோங்க"ன்னு ஒரு புத்திசாலி. அரசாங்க அனுமதி இல்லாம இந்தியாவுல அதை வச்சிருந்தா கேஸ். தெரியாம கொண்டுவந்த வெளிநாட்டு டூரிஸ்ட்டுங்களையே ஏர்போர்ட்ல பிடிச்சிருக்காங்க. ஜாமீனுக்கு நீங்க வருவீங்களா?

"சிக்னல் இருந்தா தயாராகாம, பொறுப்பில்லாம போவாங்க." ஹெல்மெட் போட்டா வேகமா ஓட்டுவாங்கன்னு சொல்ற மாமாவும் இதே கட்சிதான். அடுத்தது.

குரங்கணி காட்டுத்தீயை இழுத்தவங்களுக்கு மட்டும் பொறுமையா சொல்றேன். 2018 மார்ச் 11. மலையேறப் போனவங்கள்ல நிறையப் பேர் நம்ம சென்னைப் பொண்ணுங்க. 23 உயிர். அந்தத் தீயோட வேகத்துக்கு எந்த டவரும் ஈடு கொடுத்திருக்காது, ஒத்துக்கிறேன். ஆனா செத்தவங்களைக் காட்டி என் வாயை அடைக்காதீங்க.

நாம ஞாயித்துக்கிழமை போய்ட்டு சாயங்காலம் கோயம்பேடு வந்துடுறோம். அங்கேயே இருக்குற சனம்? 2024-ல அரசாங்கமே 40 மலைப்பாதையைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடிப் பசங்களை வழிகாட்டியா போட்டிருக்கு. அவங்க வீட்டுல ஒருத்திக்கு ராத்திரி வலி எடுத்தா 108-க்கு எங்கேருந்து பேசுவா? அவகிட்ட போய்ச் சொல்லுங்க, போனை மறந்துட்டு இயற்கையை ரசிம்மான்னு. சொல்லிட்டு அவ முகத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்க, சிரிப்பு பொம்மை விழும்.

அந்தத் தம்பிக்கு நேத்து பிளேட் வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். சிரிச்சவங்க யாரையும் அங்கே காணோம்.

குரூப்லேருந்து நானே வெளியே வந்துட்டேன். மலையேற வாங்கின ஷூ ஒண்ணு இருக்கு, மூணு தடவைதான் போட்டது. சைஸ் ஆறு. வேணும்ங்கிறவங்க பெரம்பூர் வந்து வாங்கிக்கோங்க. வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க, இங்கே சிக்னல் நல்லாவே கிடைக்கும்.