மாஸ்டர் பாதியில் இருந்தால் பாதி வாட்ஸ் என்று அர்த்தமில்லை

"மாஸ்டர் குமிழ் பாதியில் இருந்தால் 300 வாட்ஸ் பேஸ் கிட்டார் ஆம்ப் 150 வாட்ஸ்தான் தரும், ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை" என்று நினைப்பது தவறு. அந்தக் குமிழ் வாட்ஸ் மீட்டர் அல்ல. வரும் சிக்னலில் எவ்வளவு பவர் ஆம்ப் பகுதிக்குப் போகலாம் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. கெயினையும் (உள்ளே வரும் சிக்னலைக் கூட்டும் குமிழ்) தாழ் சுரங்களுக்கான பேஸ் குமிழையும் ஏற்றியிருந்தால் பாதிக்கு முன்பே முழு பவரும் தீர்ந்துவிடலாம். 3 டெசிபல் கூட்டினாலே பவர் இரட்டிப்பு. பேஸை 10 டெசிபல் ஏற்றினால் தாழ் சுரங்களுக்கு 10 மடங்கு! ஸ்பீக்கரின் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) அளவுக்கு மீறி முன்பின் ஓடி அடிபடுவது இங்கேதான்.

மாஸ்டரைப் பூஜ்யத்திலும் ஈக்யூ குமிழ்களை (பேஸ், மிட், ட்ரெபிள்) நடுவிலும் வையுங்கள். ஆக்டிவ் கிட்டார் (உள்ளே பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் உள்ளது) என்றால், சிக்னலைக் குறைக்கும் பேட் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். இருப்பதிலேயே பலமாக வாசித்தபடி கெயினை ஏற்றி, சிக்னல் அளவு மீறுவதைக் காட்டும் கிளிப் விளக்கு சிமிட்டியதும் சற்றே இறக்குங்கள். பிறகுதான் மாஸ்டர். ஈக்யூவை மாற்றினால் கெயினை மறுபடி சரிபாருங்கள்.

குழுவோடு வாசிக்கும்போது பேஸ் கேட்கவில்லையா? பலரும் நேராக பேஸ் குமிழுக்குத்தான் கையை நீட்டுகிறார்கள். 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான லோ-மிட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.