காங்கோ அரசரின் கடிதம் சொல்வது வேறு

"ஆப்பிரிக்க அரசர்களே தம் மக்களை விற்றார்கள், ஐரோப்பியர் வாங்கியதோடு சரி" என்று அட்லாண்டிக் அடிமை வணிகத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி, பாதி உண்மையைக் கொண்டு முழுப் பொய்யை நிறுவுகிறது.

காங்கோ, தகோமி (இன்றைய பெனின் நாட்டுப் பகுதி) போன்ற ஆப்பிரிக்க அரசுகள் போரில் பிடித்த அயலாரை விற்றது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காங்கோ அரசர் முதலாம் அஃபோன்சோ 1526இல் போர்த்துகல் மன்னர் மூன்றாம் ஜுவாவுக்கு எழுதிய கடிதத்தில், போர்த்துகீசிய வணிகர்கள் காங்கோவின் சுதந்திர மக்களையும் பிரபுக்களின் பிள்ளைகளையும், ஏன், அரசரின் உறவினரையுமே பிடித்துச் செல்வதால் நாடு மக்களற்றுப் போகிறது என்று முறையிட்டார். விற்கப்படுவோர் உண்மையில் போர்க்கைதிகள்தானா என்று ஆராய அதிகாரிகளையும் அவர் அமர்த்தினார். அவரும் கைதிகளை விற்றவரே என்பதால் அக்கடிதத்தின் சான்று மதிப்புக் குறைந்துவிடாது.

அந்த வணிகத்தை ஊதிப் பெருக்கியது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவிலும் பின்னர் பிரேசிலிலும் கரீபியனிலும் ஐரோப்பியர் அமைத்த கரும்புத் தோட்டங்களின் ஆள்தேவை. கப்பல், முதலீடு, காப்பீடு எல்லாம் அவர்களுடையவை. அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டோர் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் என்றும், அவர்களுள் சுமார் 18 லட்சம் பேர் கடலிலேயே மாண்டனர் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர்.