என் நெலம் எங்க?

காலையில் வேலூர்க் கோட்டை அகழியோரம் நடக்கும்போது நண்பரோடு சின்னச் சண்டை. காரணம் ஒரு நாவல். பெர்ன்ஹார்ட் ஷ்லிங்க் 1995இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘தி ரீடர்’. ஆங்கிலப் பிரதியை நான்தான் கொடுத்தேன். திருப்பித் தரும்போது, “பாவம் சார் அந்த ஹன்னா. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள, அவளுக்குப் போய் ஆயுள் தண்டனையா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால் இந்த நீளப் பதிவு. கதை முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஹன்னா போர்க்காலத்தில் நாஜி முகாம் காவலாளி. முன்பு பார்த்த வேலையில் பதவி உயர்வு வந்தது. ஏற்றால் எழுத்து தெரியாதது அம்பலமாகும் என்று அதை விட்டுவிட்டு, நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்கிறாள். போர் முடியும் தறுவாயில் கைதிப் பெண்களை நடத்தி அழைத்துப் போகிறார்கள். ஓர் இரவு அவர்களைத் தேவாலயத்துக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். குண்டு விழுந்து கூரை பற்றிக்கொள்கிறது. காவலாளிகள் கதவைத் திறக்கவில்லை. நூற்றுக்கணக்கான பெண்கள் உள்ளே. பிழைத்தது ஒரு தாயும் மகளும் மட்டும்.

பல வருஷம் கழித்து வழக்கு. சம்பவத்தைப் பற்றிய அறிக்கையை எழுதியது ஹன்னாதான் என்று மற்ற காவலாளிகள் கை காட்டுகிறார்கள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு வந்ததும், “நான்தான் எழுதினேன்” என்று ஒப்புக்கொள்கிறாள். எழுத்து தெரியாது என்று சபையில் சொல்வதைவிட ஆயுள் தண்டனை அவளுக்கு இலேசாகத் தெரிகிறது. மற்றவர்களுக்குக் குறைந்த தண்டனை.

இந்த வெட்கம் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஆயா குடியாத்தத்தில் பீடி சுற்றியவள். பஸ் ஸ்டாண்டில், “கண்ணாடிய வூட்ல வச்சிட்டம்பா, இது எந்தூரு பஸ்ஸு?” என்று கேட்பாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. அவளுக்கு எழுத வந்தது ஒன்றே ஒன்று, தன் பெயர். கைநாட்டு வைக்கமாட்டாள், கையெழுத்துதான் போடுவாள். அதில் அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைதான் வினையானது. ஊரோரம் முப்பது சென்ட் நிலம், பட்டா ஆயா பெயரில். ஆனால் அது தங்கச்சிக்கு என்று அவர்கள் அப்பா வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உறவுக்காரர் ஒருவர் வரி விஷயம் என்று சொல்லி ஒரு பத்திரத்தை நீட்டினார். நாலு பேர் சுற்றி நின்றார்கள். ‘படிச்சிக் காட்டு’ என்று கேட்க ஆயாவுக்கு வாய் வரவில்லை. முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள். நிலம் போயே போய்விட்டது.

ஆயாவுக்காக வீடு முழுக்கப் பரிந்து பேசியது. சின்ன ஆயா ஒரே பதில்தான் சொல்வாள். “தெரியாமத்தான் செஞ்சா. நான் இல்லன்றனா? என் நெலம் எங்க?”

நீதியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யார் சொன்னதும் எனக்கு நினைவில்லை. ‘தெரியாமல் செய்தாள்’ என்பதை அவள் மறுக்கவே இல்லை. ஆனால் அந்தப் பதிலைக் காட்டி அடுத்த கேள்வியை யாரும் விழுங்க அவள் விடவில்லை.

நண்பர் விழுங்கியது அதைத்தான். எழுதத் தெரியாதது அறிக்கை விஷயத்தில் செல்லும், பூட்டிய கதவு விஷயத்தில் செல்லாது. தாழ்ப்பாளை நீக்க அ, ஆ தெரிய வேண்டுமா? எழுத்தறியாமை மனசாட்சியைக் குறைக்கும் என்றால், எங்கள் மாவட்டத்தில் கைநாட்டு வைத்தே குடும்பத்தைக் கரையேற்றிய அத்தனை பெண்களுக்கும் அது அவமானம்.

அதே நேரம், எழுதாத அறிக்கைக்காக அவளுக்குத் தண்டனை கூடியதே, அது அநியாயம். கதை சொல்லும் மைக்கேலுக்கு ரகசியம் தெரியும். நீதிபதியைப் போய்ப் பார்க்கிறான், ஆனால் சொல்லாமல் திரும்புகிறான். இங்கே ஹன்னாவுக்கு வேண்டியிருந்தது இரக்கமே இல்லை, நேரான கணக்கு. இரக்கப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மொத்தமாக ‘பாவம்’ என்று சொல்லிவிட்டால், எது அவள் செய்தது, எது அவள் தலையில் கட்டியது என்று பிரித்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

இன்னொன்று. இந்தக் கதையைச் சொல்பவன் பதினைந்து வயதில் அவளைக் காதலித்தவன். அவள் கழுத்து, அவள் வாசனை எல்லாம் நமக்குத் தெரியும். உள்ளே வெந்தவர்களில் ஒருத்தியின் பெயராவது தெரியுமா? நம் கண்ணீர் யார் பக்கம் பாயும் என்பது முதல் அத்தியாயத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வள்ளுவர் செங்கோன்மையின் முதல் குறளில் ‘ஓர்ந்துகண் ணோடாது’ என்கிறார். ஆராய்ந்து பார், இரக்கத்தில் ஒரு பக்கம் சாயாதே என்று. மூன்று அதிகாரம் தள்ளிக் கண்ணோட்டத்துக்கென்றே, அதாவது இரக்கத்துக்கென்றே, பத்துக் குறள். அங்கேயும் ‘கருமம் சிதையாமல்’, கடமை கெடாமல், என்று ஒரு கடிவாளம். (நாம் கண்ணோட்டம் என்ற சொல்லையே வெறும் ‘பார்வை’ ஆக்கிவிட்டோம், அது தனிக் கதை.)

சொந்த ஊர் என்றால் மட்டும் வேறு தராசா என்று நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. நாங்கள் நின்றது கோட்டை வாசலில். 1806 ஜூலை 10 விடியும் முன் இங்கே கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்கள். புதிய தலைப்பாகைக் கட்டாயம், நெற்றிக்குறிக்குத் தடை, தாடி மழிப்பு என்று அவர்களுக்கு ஏற்பட்ட அவமானங்கள் எல்லாம் உண்மை. நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அன்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த வெள்ளைக்கார நோயாளிப் படைவீரர்களும் கொல்லப்பட்டார்கள். அதைச் சொல்லாமல் ஜூலை 10ஐக் கொண்டாட எனக்குக் கூச்சம். ஆற்காட்டிலிருந்து வந்த ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி, பிடிபட்ட சிப்பாய்கள் சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுடவைத்தார். அதுவும் கணக்கில் வரும். ஒன்று இன்னொன்றைக் கழிக்காது.

நாவலின் கடைசியில் ஹன்னா சிறையில் எழுத்துக் கற்கிறாள், முகாம்களைப் பற்றிப் படிக்கிறாள், விடுதலையாகும் நாளில் தூக்கில் தொங்குகிறாள். சேர்த்த பணத்தைப் பிழைத்த அந்த மகளுக்கு விட்டுப்போகிறாள். மகள் பணத்தை வாங்க மறுக்கிறாள். வாங்கினால் மன்னித்ததாகிவிடும். பணம் இருந்த தேயிலை டப்பாவை மட்டும் வைத்துக்கொள்கிறாள். நண்பருக்கு அவள் கல்நெஞ்சக்காரி. எனக்கு அந்த நாவலிலேயே அவளைத்தான் பிடிக்கும்.

பொங்கலுக்கு ஆயா என்னிடம் கரும்பும் புடவையும் கொடுத்துத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்புவாள். சின்ன ஆயா கரும்பை எடுத்துக்கொண்டு புடவையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். திமிர் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆயா செத்தபோது மாலையோடு முதலில் வந்தவள் அவள்தான். தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடிய ஒப்பாரி வைத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியில் கை கழுவிவிட்டு வந்து என் மாமாவிடம் கேட்டாள்:

“அந்தப் பத்திரம் யார்கிட்டப்பா கீது?”