வெளிநாட்டுத் தத்தெடுப்பும் வேலூரில் எழுதப்படும் முதல் காகிதமும்

வெளிநாட்டுக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்ற குரல் இப்போது பலமாகக் கேட்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. உறவினர் தத்தெடுப்பு தவிர மற்றதை 2024 செப்டம்பரில் சீனா நிறுத்திவிட்டது. பெற்றோர் இருந்த பிள்ளைகளையும் அனாதை என்று பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்பியதை 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் உறுதிசெய்தது. சென்னையிலேயே தெருவில் தூக்கிய பிள்ளைகள் நெதர்லாந்து வரை போன வழக்கை நாம் மறக்க முடியாது.

ஆனாலும் முழுத் தடை கூடாது என்பேன். தப்பு பெரும்பாலும் விமானம் ஏறும்போது நடப்பதில்லை. ஊரில் எழுதும் முதல் காகிதத்திலேயே நடந்துவிடுகிறது.

குடியாத்தம் பக்கம் ஒரு பெண்ணால் பெற்ற பிள்ளையை வளர்க்க முடியவில்லை என்று வையுங்கள். சட்டப்படி அவள் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. வழி தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடலாம். குழு விசாரித்து, ஆலோசனை கொடுத்து, தன் முன்னாலேயே ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும். அதற்குப் பிறகும் மனசு மாறினால் திரும்பக் கேட்க அவளுக்கு 2 மாதம் உண்டு. இதை அவளுக்குப் புரியும் தமிழில், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்ல வேண்டும். அவமானத்துக்குப் பயந்த குடும்பமும் இடையில் புகுந்த தரகரும் சேர்ந்து, 'பஸ் ஸ்டாண்டில் கிடந்தது' என்று எழுத வைத்துவிட்டால் அந்த 2 மாதம் அவளுக்கு இல்லாமலே போகிறது. பிள்ளையின் கோப்பில் தாய் என்று ஒருத்தியே இருக்க மாட்டாள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டு வரை சிறை. ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் 3 முதல் 7 ஆண்டு.

தடை போட்டால் யாருக்கு நஷ்டம்? நம் ஊரில் தத்தெடுக்கக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது ஆரோக்கியமான கைக்குழந்தை. சட்டப்படி தத்துக்குத் தகுதி என்று அறிவித்த 60 நாளில் இந்தியப் பெற்றோரோ வெளிநாடுவாழ் இந்தியரோ அமையாவிட்டால்தான் வெளிநாட்டவருக்கு வாய்ப்பு. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள், உடன்பிறப்புகள், 5 வயது தாண்டியவர்கள் ஆகியோருக்கு அதில் முன்னுரிமை தரலாம். எட்டு வயதுப் பையனையும் அவன் தங்கையையும் பிரிக்காமல் ஏற்க இங்கே யாரும் வராதபோது, அந்தக் கதவையும் சாத்துவது நியாயமா?

இன்னொன்று, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா அண்ணன் பிள்ளையைத் தத்தெடுப்பது. சார்பதிவாளர் ஆபீசில் பத்திரம் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறார்கள். அங்கேதான் சிக்கல். தத்தெடுப்பவரின் வீட்டையும் நிலையையும் ஆராய்ந்து அந்த நாட்டில் தரும் வீட்டாய்வு அறிக்கை, இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் குடும்ப அறிக்கை, ஆட்சியர் உத்தரவு, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். அமெரிக்கக் குடிமகன் என்றால் அங்குள்ள குடியேற்றத் துறையின் ஒப்புதலுக்கு முன்பே இங்கே தத்தை முடிப்பது விசாவையே முடக்கலாம்.

குழந்தை போன பிறகு 2 ஆண்டு கண்காணிப்பு: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆக 6 அறிக்கை. இது போதாது என்பது என் கருத்து. 18 வயதானதும் அந்தப் பிள்ளை தன் வேரைத் தேட உரிமை உண்டு. ஆனால் மூன்றாம் நபர் அவருக்காகத் தேட விதி இடம் தரவில்லை. பெற்றவளின் ரகசியத்தைக் காக்க அது தேவைதான். அப்படியானால் தமிழே தெரியாமல் வந்து நிற்கும் அந்த இளைஞருக்கு உதவ, மாவட்ட அலகிலேயே இதற்கென்று ஒரு சமூகப் பணியாளரை அரசு நியமிக்க வேண்டும்.