ஊருக்கு உபயோகமாகப் பாடினால்தான் பெண்பிள்ளை ராப் பாடலாமா?

கொடைக்கானல் பெண்பிள்ளை ஒருத்தி ராப் பாடி இன்ஸ்டாவில் ஒரு ரீல் போட்டால் போதும், கீழே இந்தக் கமென்ட் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடும். "நல்லா பாடுறம்மா. இந்தத் திறமையை வச்சு ஊருக்கு உபயோகமா ஏதாவது பாடலாமே? மெர்க்குரி பிரச்சினையைப் பாடலாமே?" எழுதியவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆணாக இருப்பார், டிபியில் பேரனைத் தூக்கி வைத்திருப்பார். கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனை பிளாக் பண்ணிவிட்டுப் போய்விடலாம். இவரை என்ன செய்வது?

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போன வாரம் இது வந்தது. போதாததற்குத் தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டு, "பாடுறதுன்னா அந்த மெட்ராஸ் பொண்ணு மாதிரி பாடணும்" என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். மழை விடவில்லை, ஜெராக்ஸ் கடையில் ஆள் இல்லை. உட்கார்ந்து எழுதிவிட்டேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெட்ராஸ் பெண், சோஃபியா அஷ்ரஃப். 2015 ஜூலை கடைசியில் யூடியூபில் வந்த 'கொடைக்கானல் வோன்ட்' பாட்டைப் பாடியவர். நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டை எடுத்து, எங்கள் ஊரில் யூனிலீவரின் இந்தியக் கம்பெனி நடத்திய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தை, அதாவது அந்த மெர்க்குரியை, அதில் ஏற்றிப் பாடினார். சில நாளிலேயே லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் அன்றைய தலைவர் பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்லவேண்டி வந்தது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. இந்த வரிசையில் சொன்னால், ஒரு பொண்ணு பாடினாள், கம்பெனி பணிந்தது, கதை முடிந்தது என்று தோன்றும். குரூப்பில் எல்லோரும் நம்புகிற கதையும் அதுதான்.

ஆனால் எங்கள் ஊர் மூஞ்சிக்கல் பகுதியில் இருக்கிறவர்களுக்குக் கதை 2001இல் ஆரம்பிக்கிறது. அந்த மார்ச்சில்தான் இங்கே ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து செயின்ட் மேரிஸ் ரோட்டில் வைத்த ஆலை அது. செய்த தெர்மாமீட்டர் எல்லாம் வெளிநாட்டுக்கு, கழிவு மட்டும் நமக்கு. அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2006இல் முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. மனு, ஆர்ப்பாட்டம், மருத்துவ அறிக்கை, வாய்தா, மறுபடி மனு. பாட்டு வந்தபோது அந்த வழக்குக்கே ஒன்பது வயது. மலையிறங்கி சென்னைக்குப் போய் வந்த அந்த மனுஷர்கள் யாருக்கும் ஃபாலோயர்ஸ் கிடையாது. கடைசியில் கிடைத்த தொகையைக்கூட மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றுதான் கம்பெனி சொன்னது. தொழிலாளர் உடம்பு கெட்டதற்கு ஆலை காரணம் என்று அது ஒப்புக்கொள்ளவே இல்லை.

அப்படியானால் பாட்டு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்தது. நிறையவே செய்தது. இங்கே மனு கொடுத்தால் போய்ச் சேரும் இடம் திண்டுக்கல், சென்னை. பாட்டு போய்ச் சேர்ந்தது கம்பெனியின் சோப்பையும் ஷாம்பையும் வாங்குகிறவர்களிடம். கொடைக்கானல் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவனுக்கும் அந்த மெட்டு தெரியும். மெட்டுக்காக உள்ளே வந்தவன் மூன்று நிமிஷத்தில் குற்றப்பத்திரிகை முழுவதையும் கேட்டுவிட்டுப் போனான். ராப்பில் அதற்கு வசதி உண்டு. சினிமாப் பாட்டின் சரணத்தில் நாலு தகவல் அடங்கும், ராப்பில் நாற்பது அடங்கும். தொழிலாளர் பதினான்கு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஆதாரத்தையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடக்கூடிய வடிவம் அது ஒன்றுதான். வீடியோவின் கூடவே கையெழுத்து இயக்கமும் நடந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகப் பிரபலமானவர் என்று சோஃபியாவைச் சொல்கிறார்களே, அதுவும் பாதிதான் சரி. 2008லேயே போபால் விஷவாயு விஷயத்தில், யூனியன் கார்பைடை வாங்கிய டௌ கம்பெனியை எதிர்த்து ராப் பாடியவர் அவர். அப்போது கல்லூரி மாணவி. தலையை மூடிக்கொண்டு மேடையேறியதால் 'பர்தா ராப்பர்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 2012இல் ரஹ்மான் இசையமைத்த ஒரு இந்திப் படப் பாட்டில் ராப் பகுதி பாடினார். விளம்பரத் துறையில் வேலை பார்த்தார், அதாவது ஒரு விஷயத்தை ஜனங்கள் தலையில் எப்படி ஏற்றுவது என்பது தொழிலாகவே தெரியும். கொடைக்கானல் வீடியோவுக்குப் பின்னால் ஒரு பிரச்சார அமைப்பு இருந்தது, இயக்குநர் இருந்தார், கேமரா இருந்தது. ஒரு பொண்ணு, ஒரு போன், ஒரு கோபம் என்று சொல்லி எங்கள் தெருப் பிள்ளையை உசுப்பேற்றுகிறவர்கள் இந்த ஏழு வருஷத்தையும் அத்தனை ஆட்களையும் மறைத்துவிடுகிறார்கள்.

சரி, இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

ராப் பாடுகிற பெண்ணை நம் ஊர் ஏற்றுக்கொள்ள ஒரு பாஸ் கேட்கிறது. "எதுக்காகப் பாடுற?" என்ற கேள்விக்கு ஆறு, குளம், நீதி, சமத்துவம் என்று ஏதாவது பதில் இருக்கவேண்டும். இருந்தால் சிங்கப்பெண். "என்னைப் பத்திப் பாடுறேன், ஏன்னா நான் செம" என்று ஒருத்தி சொன்னால் திமிர் பிடித்தவள். பையன்களிடம் இதைக் கேட்கிறோமா? தமிழில் யூடியூப் ராப் பெரிசாக வெடித்தது ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' பாட்டில். அது ஊர்ப் பிரச்சினையா? குடிக்கிற பெண்பிள்ளைகளைத் திட்டுகிற பாட்டு! அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, திறமையை வீணாக்காதே, காவிரியைப் பாடு" என்று யாராவது கமென்ட் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆணுக்குப் பெண்ணைத் திட்டுவதே கருத்தாக இருந்தால் போதும். பெண்ணுக்கு மட்டும் பாதரசம் வேண்டும்.

ராப்பின் பிறப்பே தற்பெருமையில்தான். எழுபதுகளில் நியூயார்க்கின் பிராங்ஸில் ஏழைக் கறுப்புப் பிள்ளைகள் தெருவில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, என்னைப்போல் எவன் இருக்கிறான் என்று எதுகை போட்டுப் பேசிய பேச்சு அது. நமக்கும் இது ஒன்றும் புதிசில்லை. நான் வாயைத் திறந்தால் ஆயிரம் பாட்டு வரும் என்று மார்தட்டிய காளமேகத்தைப் பள்ளிக்கூடத்தில் சிரித்துச் சிரித்துப் படித்தவர்கள்தானே நாம்? அவரை யாரும் சமூகப் பொறுப்பு எங்கே என்று கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படி ரெக்கார்ட் பண்ணுகிறாள் என்று அந்தப் பெரியவர்கள் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும். வீடு தகர ஷீட் போட்டது. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அதனால் இரண்டு கம்பளியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு, உள்ளே போனை வைத்துக்கொண்டு பாடுவாள். அஞ்சு நிமிஷத்தில் இந்தக் குளிரிலும் வேர்த்து வெளியே வருவாள். "அத்தை, கேட்டுப் பாரு, மழை விழுந்துருச்சா?" என்று இயர்போனில் ஒன்றை என் காதில் செருகுவாள். விழுந்திருந்தால் மறுபடி கம்பளிக்குள். பீட் யூடியூபில் இலவசமாக எடுத்தது, அதன் நடுவே நடுவே விற்கிறவன் பேர் ஆங்கிலத்தில் கேட்கும். பகலில் சாக்லேட் கடையில் நிற்கிறாள். அங்கே நின்று எழுதிய வரி ஒன்று, அவளிடம் கேட்டுத்தான் போடுகிறேன்:

"சீசன் முழுக்க ஊரு உனக்கு, மழை முழுக்க ஊரு எனக்கு,
செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பு கண்ணா, சில்லறை பாக்கி இருக்கு எனக்கு."

அடுத்த வரியில், தன் வேகத்துக்குக் காட் ரோட்டில் பிரேக் பிடிக்காத லாரிகூட ஈடு இல்லை என்று ஒரு பீத்தல். எனக்கு அந்தப் பீத்தல்தான் ரொம்பப் பிடித்தது. கடையில் "அண்ணே, டேஸ்ட் பாருங்கண்ணே" என்று நாள் முழுக்கக் குனிந்து பேசுகிற பிள்ளை கம்பளிக்குள் போனதும் அப்படி நிமிர்கிறாள். இதில் ஊருக்கு என்ன உபயோகம் என்றா கேட்கிறீர்கள்?

இங்கே இர்ஃபானாவைச் சொல்லாமல் விட முடியாது. கொடைக்கானல்காரர்தான், தமிழிலும் ஆங்கிலத்திலும் ராப் பாடுகிறவர். நியூயார்க்கில் பிறந்த டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் இந்தியக் கிளை அவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. உலக ராப்பில் அந்தப் பேருக்கு என்ன மதிப்பு என்று உங்கள் வீட்டு காலேஜ் பையனைக் கேளுங்கள், சொல்வான். அவர் பாட்டில் துணிச்சல் உண்டு, ஸ்டைல் உண்டு, நான் யார் தெரியுமா என்கிற தோரணை உண்டு. ஆனால் ஏழு ரோட்டில் நின்று பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் ஊரைப் பற்றிப் பாடிய சென்னைப் பெண்ணைத் தெரிகிறது, எங்கள் ஊரிலிருந்து பாடப் போன பெண்ணைத் தெரியவில்லை. பாட்டில் நாம் பாவப்பட்டவர்களாக வந்தால் ஷேர் பண்ணுகிறோம். நம் பிள்ளை தலைநிமிர்ந்து வந்தால் உடுப்பைப் பார்க்கிறோம்.

உடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மெர்க்குரி பாட்டுக்குப் பிறகு சோஃபியாவும் பெண்களின் உடம்பு, அழகு, அதைப் பற்றிய கேலி என்று எவ்வளவோ பாடினார். அந்த லிங்க் எதுவும் நம் குரூப்புக்கு வந்ததே இல்லை. நமக்கு வேண்டிய சோஃபியாவை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டோம்.

மெர்க்குரியைப் பாடவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 2018இல், குறிஞ்சி பூத்த அதே வருஷம், கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சோஃபியாவும் சேர்ந்து இரண்டாவது வீடியோவில் பாடினார்கள். காரணம் மண். ஆலை இருந்த இடத்து மண்ணை, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சுகிற அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று இங்கே அனுமதி கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ஒருத்தர் வீட்டுத் தோட்டம் என்றால் இதை ஒப்புவார்களா என்பதுதான் கேள்வி. அந்த இடத்திலிருந்து தண்ணீர் இறங்குவது பாம்பார் சோலைக்குள். அந்த ஆறுதான் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது, பெரியகுளத்துப் பக்கம் எல்லோரும் குளிக்கிற அருவி. ஆக, பாட விஷயம் தாராளமாக இருக்கிறது. கோபம் வந்தவர்கள் பாடட்டும். அந்தப் பிள்ளைக்கும் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். அவள் பிறப்பதற்கு முன்பே மூடிய ஆலை அது. அதன் கணக்கைத் தீர்க்கிற வேலையை, கண் முன்னால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நம் தலைமுறை அவள் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியூஸ் வந்தால் காசு கொட்டும் என்று அவள் அம்மாவிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ரீல்ஸ் பார்க்கிற கூட்டத்தை வைத்து இந்தப் பிள்ளைகளுக்கு நேராகக் கைக்கு வருவது ரொம்பச் சொற்பம். மேடை, விளம்பரம், சினிமா என்று எங்காவது கூப்பிட்டால்தான் காசு. அப்படிக் கூப்பிடும்போது மலையிறங்கவேண்டும், ராத்திரி தங்கவேண்டும், வீட்டில் விடவேண்டும். பெண்பிள்ளைக்கு நிஜமான தடை அங்கேதான் வரும். அந்த நேரத்தில் அவள் அப்பாவிடம் பேச எனக்கு நாலு பெரியவர்கள் தேவைப்படுவார்கள். கமென்ட் போடுகிற அண்ணன்மாரே, உங்கள் அக்கறையை அதுவரைக்கும் பத்திரமாக வைத்திருங்கள்.

அதற்குள் மெர்க்குரி பாட்டு வேண்டும் என்று ரொம்ப அவசரமாக இருந்தால், ஆலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள், போய் உட்கார்ந்து கேளுங்கள். எதுகை மோனை உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். எழுதிக்கொண்டு வாருங்கள், ஜெராக்ஸ் நான் இலவசமாகப் போட்டுத் தருகிறேன். பாட அவள்தான் வேண்டும் என்றால் அவளிடமே ரேட் கேட்டுக்கொள்ளுங்கள். குறைக்கமாட்டாள், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.