குனியாமல் எப்படி நடுவது?

சென்ற மாதம் அம்மாவை இடுப்பு வலிக்காக மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், "குனிந்து வேலை செய்யாதீர்கள், முதுகை நேராக வைத்துப் பழகுங்கள்" என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டார்: "குனியாமல் எப்படிப்பா நாற்று நடுவது?"

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். அம்மா 15 வயதில் நடவுக்கு இறங்கியவர், இப்போது வயது 62. அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மத்திய கால நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 20-க்கு 10 சென்டிமீட்டர். ஓர் இடத்தில் சேர்த்து ஊன்றும் நாற்றைக் குத்து என்போம். சதுர மீட்டருக்கு 50 குத்து என்றால் ஏக்கருக்கு 2 லட்சம். எங்கள் ஊரில் ஒரு ஏக்கரைப் பத்துப் பெண்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். ஆளுக்கு 20,000 குத்து. கயிறு பிடிக்காத நடவில் கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு குத்துக்கும் குனிந்து நிமிர்வதில்லை. அதுதான் இதில் கொடுமை. குனிந்தால் குனிந்தபடியே பின்னோக்கி நகர்கிறார்கள். இடது கையில் நாற்று, வலது கை சேற்றில். இப்படி முழுவதும் மடங்கிய நிலையில் முதுகுத் தசைகள் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடுகின்றன. மேலுடம்பின் பாரத்தை முதுகெலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்களும் இடையிலுள்ள வட்டுகளும் தாங்குகின்றன. மணிக்கணக்கில் இழுபட்ட நார் நெகிழ்ந்துபோகும். நிமிர்ந்த உடனே பழையபடி இறுகிவிடாது. வரப்பேறும் பெண்கள் இரண்டு கையாலும் தொடையை அழுத்தி, உடம்பைத் தள்ளித் தள்ளி நிமிர்வதைச் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெறும் அலுப்பு என்றுதான் நினைத்தேன்.

இடையிடையே நிமிர்ந்து கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசித்தான் இப்போது பெரும்பாலும் நடவு நடக்கிறது. ஒருத்தி நிமிர்ந்தால் வரிசையில் பின்தங்குவாள், மற்றவர்களின் கூலி நேரத்தையும் தின்பாள். முதுகை வளைத்தே வைத்திருப்பது அந்தக் கூலி முறை. அதை விட்டுவிட்டு அவளுக்கு உட்காரும் முறை, நிற்கும் முறை என்று பாடம் எடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கலிஃபோர்னியாவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே லெட்டூஸ், பீட் வயல்களில் மெக்சிகத் தொழிலாளர்களுக்கு ஓரடி நீளமே உள்ள கைப்பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்திருந்தார்கள். ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'எல் கோர்ட்டிட்டோ', அதாவது குட்டையானது. நீளக் கைப்பிடி இருந்தால் பயிர் சேதமாகும் என்றார்கள் முதலாளிகள். இன்னொரு வசதியும் அவர்களுக்கு இருந்தது: யார் நிமிர்ந்து நிற்கிறார் என்று கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கருவியில் பழுது இருந்தால்தான் அது ஆபத்தான கருவி என்று மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்புத் துறை வாதிட்டது. பயன்படுத்தும் முறையாலேயே உடலைக் கெடுக்கும் கருவியும் ஆபத்தான கருவிதான் என்று 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. நீளக் கைப்பிடிக்கு மாறினார்கள், லெட்டூஸ் விளைந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் பக்கம் அப்படி ஒரு பேச்சே எழவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்கள் என்று 29-ஐ அடுக்கியது. ஈய நஞ்சு உண்டு, தூசியால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் உண்டு, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை உண்டு. தேய்ந்த முதுகு இல்லை. இருந்திருந்தாலும் வயல் தொழிற்சாலை ஆகாது.

கருவிகள் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒற்றை நாற்று நடவோடு கோனோ வீடர் வந்தது. நின்றபடியே தள்ளிக் களையெடுக்கலாம், நல்ல யோசனை. ஆனால் எங்கள் களிமண்ணில் அது நகரவில்லை. "இடுப்பு வலி போய்த் தோள் வலி வந்தது" என்றார் அம்மா. யாருடைய உயரத்துக்கும் பலத்துக்கும் அளவெடுத்து அதைச் செய்தார்களோ தெரியவில்லை, எங்கள் தெருப் பெண்களுக்கு அளவெடுக்கவில்லை. பிறகு நடவு இயந்திரம் வந்தது. அது முதுகையும் காப்பாற்றியது, கூலியையும் எடுத்துக்கொண்டது. எங்கள் ஊரில் அதை ஓட்டுபவர்கள் எல்லோரும் ஆண்கள். இத்தனை ஆண்டு நட்ட கைகளுக்கு அந்தப் பயிற்சியை முதலில் கொடுத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதது எனக்கு ஆறாத கோபம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பண்ணைக் கருவிகளையும் அவற்றைக் கையாளும் உடலையும் சேர்த்து ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கருவியை எங்கள் களிமண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கூலியை நாள் கணக்கில் கொடுத்து, சாவகாசமாகச் சோதித்துப் பாருங்கள். அம்மாவால் இனி வயலில் இறங்க முடியாது. அவரோடு நட்டவர்களில் ஆறு பேர் இன்னும் போகிறார்கள். கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.